கடலுக்குப் போகிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் றேடியோ அறையை மூடிவிட்டார்கள். மூடியது நல்லது என்று நான் சொன்னதும் சங்கத்தின் புதிய செயலாளர் தர்சிகாவின் முகம் சுருங்கிப்போயிற்று. நான் அழுவேன், அதைச் சங்க மலரில் போடலாம் என்று நினைத்து வந்திருக்கிறாள் போலும்.

"அக்கா, இவ்வளவு காலம் இருந்த இடமெல்லோ? ஒரு கவலையும் இல்லையோ?" என்று கேட்டாள்.

"காதுக்குள்ளை இப்பவும் இரையுது பிள்ளை. கவலை எண்டால் அதுதான்."

"அப்ப அதையே எழுதித் தாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இளசுகளிடம் வாய் கொடுத்தால் இப்படித்தான் வேலை வந்து சேரும்.

என் இடது காதில் ஓர் இரைச்சல் இருக்கிறது. ஹெட்செற்றை அந்தக் காதில் அழுத்தி அழுத்தி வந்த நோய் அது. யாழ்ப்பாணத்தில் காது வைத்தியர் பார்த்துவிட்டு, இது போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். பழகவில்லை. நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால், ஊர் முழுக்க ஹெட்செற் மாட்டிக்கொண்டு திரிகிறது. வலை பொத்துகிற பெடியன்கள் காதுக்குள் வெள்ளைக் கட்டை ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள். "ஓம், ஓம்" என்கிறார்கள். அந்த ஓம் எனக்கா, பாரிசில் இருக்கிற தமையனுக்கா என்று தெரியாமல் நான் நின்று முழிக்க வேண்டியிருக்கிறது. கனடாவில் இருக்கிற என் தங்கச்சி சமைத்துக்கொண்டே குரல் பதிவு அனுப்புவாள். வெங்காயம் வதங்குகிற சத்தத்தோடு நீளமாக ஏதோ சொல்வாள். நான் முழுவதும் கேட்பதில்லை. இது அவளுக்குத் தெரியும். என்றாலும் அனுப்புவாள்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. சண்டை முடிந்து கடலில் இருந்த தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்த காலத்தில் ஓர் உதவி நிறுவனம் எங்கள் சங்கத்துக்கு றேடியோ கொடுத்தது. கரையில் ஒரு கம்பம், அறைக்குள் ஒரு பெரிய பெட்டி, வள்ளத்துக்கு ஒரு சின்னப் பெட்டி. நான் அப்போது அதே சங்கத்தில் மீனுக்கு ஐஸ் கொடுக்கிற துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எழுத வாசிக்கத் தெரிந்தவள், கலியாணம் கட்டாதவள், நேரத்துக்கு வீட்டுக்கு ஓடத் தேவையில்லாதவள் என்று என்னைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தினார்கள். ஆக, நாள் முழுக்க மற்றவர்களின் புருசன்மாரோடு கதைக்கிற வேலை எனக்கு வாய்த்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் சில நாள் பயிற்சி தந்தார்கள். அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மத்தியானச் சாப்பாடு நல்லாயிருந்தது. கடைசி நாள் ஆளுக்கொரு அட்டை தந்தார்கள். வள்ளம் புறப்படும்போது நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருந்தன. வள்ளத்தின் பெயர் என்ன, எத்தனை பேர், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள்.

எங்கள் சின்னத் தீவில் பிறந்தவர்கள் யாரும் அந்த மூன்றாவது கேள்வியை வாயில் எடுக்க மாட்டார்கள். கடலுக்கு இறங்குகிறவனிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. தாய் கேட்பதில்லை, பெண்சாதி கேட்பதில்லை, பங்குச் சுவாமியும் கேட்க மாட்டார். கேட்டால் போன காரியம் கெடும், ஆளுக்கே கேடு வரும் என்பது எங்கள் பயம். வேதக்காரருக்கு, கிறிஸ்தவர்களுக்கு, என்ன சகுனம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் எங்கள் கரையில் வந்து நின்று பார்க்கட்டும்.

முதல் நாள் நான் அட்டையில் இருந்தபடி கேட்டேன். மறுபக்கத்தில் பேனாட். சின்ன வயதிலிருந்து தெரிந்த ஆள். நான் "எங்கை போறீர்?" என்றதும் பெட்டி ஊமையாகிப்போனது. கொஞ்ச நேரத்தில் பேனாட் சாரத்தை மடித்துக்கட்டியபடி அறை வாசலில் வந்து நின்றார். வள்ளத்தைத் திருப்பிக் கரையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்.

"அக்கா, நான் திரும்பி வாறது உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் முகத்துக்கு நேரை சொல்லுங்கோ. றேடியோவிலை ஏன் சொல்லுறியள்?"

"தம்பி, அட்டையிலை அப்பிடித்தான் கிடக்கு."

"அட்டையோ கடலுக்குப் போகுது?"

அன்றைக்கு அவர் தொழிலுக்குப் போகவில்லை. அவருடைய பெண்சாதி என்னோடு வெகுநாள் கதைக்கவும் இல்லை.

இதற்கு வழி கண்டவர் எங்கள் முகாமையாளர் அந்தோனிப்பிள்ளை அண்ணை. அவரைப்பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியும் பயனில்லை. மெலிந்த மனிதர். குரல் உயர்த்த மாட்டார். காலையில் வந்ததும் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, அதில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, ஹெட்செற்றின் வாய்ப்பக்கத்தைத் துடைப்பார். பிறகு காதுப்பக்கத்தைத் துடைப்பார். இதை ஒரு நாளும் என்னிடம் செய்யச் சொன்னதில்லை. அந்த வாசம் காதுக்குள் இறங்கினால்தான் எனக்கு வேலை தொடங்கும். இன்றைக்கும் தேவாலயத்தில் யாராவது ஓடிக்கொலோன் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தால் என் கை தன்னாலே பொத்தானைத் தேடுகிறது.

பொத்தானை அமத்தியதும் பேசக் கூடாது, ஒரு மூச்சு விட்டுத்தான் பேச வேண்டும் என்பார். இல்லாவிட்டால் முதல் சொல் கடலுக்குப் போய்ச் சேராது. பேசி முடித்தால் "விடுறன்" என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக்கு "கரை" என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "கரை, கரை, கேக்குதோ?" என்று வள்ளங்கள் கூப்பிடும். "கரை கேக்குது" என்பேன் நான். காணவில்லை, வரவில்லை, கிடைக்கவில்லை என்ற சொற்களை அந்த அறையில் யாரும் சொல்லக் கூடாது. ஒரு வள்ளம் பதில் சொல்லாவிட்டால் "பிந்தி நிக்குது" என்று சொல்ல வேண்டும். நான் ஒருமுறை தவறிச் சொன்னபோது அவர் திட்டவில்லை. எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிட்டு வந்து இருந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பேனாட்டின் பிரச்சினையை அவர் ஒரு பகல் முழுக்க யோசித்தார். மறுநாள் என்னிடம் சொன்னார்:

"மற்றில்டா, போற இடத்தை நீர் கேக்க வேண்டாம். எங்காலை வாறியள் எண்டு கேளும்."

திரும்பி வரும் வழியைக் கேட்டால் திரும்பி வருவது நிச்சயம் என்று ஆகிறதல்லவா? ஆட்கள் சந்தோசமாகப் பதில் சொன்னார்கள். "அனலைதீவுப் பக்கத்தாலை வாறன் அக்கா." "எழுவைதீவுக்கு வடக்காலை வாறன் அக்கா." நான் அதை வைத்து அவர்கள் நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வேன். உதவி நிறுவனத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, எல்லாரும் ஒழுங்காக இடம் சொல்கிறார்கள் என்று பாராட்டினார்கள். நாங்களும் தலையாட்டினோம்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. றேடியோவில் ஒருவர் பேசினால் எல்லா வள்ளங்களுக்கும் கேட்கும். நல்ல மீன் இருக்கிற இடத்தை எந்தத் தொழிலாளியும் ஊருக்குச் சொல்ல மாட்டான். ஆகவே வாய்ப்பான இடம் பிடித்தவர்கள் வடக்கே போய்விட்டுத் தெற்கால் வருகிறேன் என்பார்கள், தெற்கே போய்விட்டு வடக்கால் வருகிறேன் என்பார்கள். பொய் என்று எனக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் தெரியும். அலுத்துப்போய் ஒருமுறை அண்ணையிடம் சொன்னேன். "மனிசரெல்லோ" என்று மட்டும் சொன்னார்.

இனி றொபேட்டின் விசயத்துக்கு வருகிறேன்.

அது வாடைக்காலம். றொபேட் தனியே போயிருந்தார். "எழுவைதீவுப் பக்கத்தாலை வாறன் அக்கா" என்று காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்து, மீன் ஏலம் போட்டு, வலை உதறிக்கொண்டிருந்த நேரத்திலும் அவர் வரவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. காற்று வரவரப் பலத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்ற வள்ளத்தை வாடை தென்மேற்கே தள்ளும். அப்படியே போனால் இந்திய எல்லையைத் தாண்டிவிடும். அங்கே அகப்பட்டுச் சிறையில் கிடந்து வந்தவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், நடுக்கடலில் கவிழ்ந்து வராமலே போனவர்களும் இருக்கிறார்கள்.

எழுவைதீவுப் பக்கம் தேடப் போன வள்ளங்கள் அங்கே யாரும் இல்லை என்று சொல்லவும், றொபேட்டின் பெண்சாதி ஸ்ரெல்லா அறைக்குள் வரவும் சரியாக இருந்தது. கலியாணம் கட்டிக் கொஞ்சக் காலம்தான். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. அலுமாரியில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

அண்ணை அவளைப் பார்த்துக் கேட்டார், "பிள்ளை, றொபேட் உண்மையிலை எங்காலை போனவன்?"

அவள் தெரியாது என்று தலையை அசைத்தாள்.

"உமக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணை. ஆனால் ஆள் கடலிலை நிக்கேக்கை இடத்தைச் சொல்லப்படாது. சொன்னால் அவர் வராமல் போயிடுவார்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவளைக் குறை சொல்லவும் ஏலாமல் இருந்தது. நானும் அந்தக் கரையில் வளர்ந்தவள்தான். என் வாயாலும் அது வந்திருக்காது.

அந்த நேரம் ஹெட்செற்றுக்குள் ஒரு சின்ன மாற்றம். வழக்கமான இரைச்சல் வெட்டுப்பட்டு, பிறகு திரும்ப வந்தது. இன்னொருமுறை வெட்டுப்பட்டது. யாரோ பொத்தானை அமத்துகிறார்கள், ஆனால் குரல் வரவில்லை. அண்ணையிடம் சொன்னேன். அவர் ஹெட்செற்றை வாங்கி மாட்டி, பெட்டியின் ஸ்பீக்கரையும் திறந்துவிட்டு, எல்லா வள்ளங்களையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, நிதானமாகப் பேசினார்: "றொபேட், கரை கேக்குது. நீர்தான் எண்டால் ஒருக்கா அமத்தும். விடுறன்."

இரைச்சல் ஒருமுறை வெட்டுப்பட்டது.

பற்றறி செத்துக்கொண்டிருந்தது. அதனால் அவருக்கு நாங்கள் பேசுவது கேட்கும், அவர் பேசுவது எங்களுக்கு வராது. பொத்தானை அமத்தினால் மீதி இருப்பதும் தீரும். ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டிருக்க வழியில்லை. அண்ணை ஹெட்செற்றைக் கழற்றி என்னிடம் தந்தார். நான் அதை ஸ்ரெல்லாவின் தலையில் மாட்டினேன்.

"பிள்ளை, அவருக்கு நீர் பேசுறது கேக்கும். அந்த இடமோ எண்டு ஒரு கேள்வி கேளும். அவர் ஓம் எண்டால் ஒருக்கா அமத்துவார். வேறை வழியில்லை."

"எல்லாருக்கும் கேக்குமோ அக்கா?"

"எல்லாருக்கும் கேக்கும்."

அவள் பொத்தானை என் விரலோடு சேர்த்து அமத்தினாள். புருசனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள். "இஞ்சாருங்கோ" என்றாள். அதோடு பொத்தானை விட்டுவிட்டாள். அந்த ஒரு சொல் கடலில் நின்ற அத்தனை வள்ளங்களிலும் கேட்டது. வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற சொல். எனக்கு அந்த அறையை விட்டு ஓடவேண்டும்போல இருந்தது.

பிறகு கேட்டாள்: "இஞ்சாருங்கோ. நெடுந்தீவுக்குத் தெற்காலை, உங்கடை அப்பா காட்டின பாரிலையோ நிக்கிறியள்?"

கடலுக்கடியில் கல்லடுக்கு இருக்கிற இடத்தை நாங்கள் பார் என்போம். மீன் அங்கே கூடும். அந்தப் பாரை அவருடைய தகப்பன் கண்டுபிடித்து மகனுக்கு மட்டும் காட்டியிருந்தார். கலியாணம் முடிந்த பிறகு றொபேட் அதைப் பெண்சாதிக்குச் சொல்லியிருந்தார். இரைச்சல் வெட்டுப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

நெடுந்தீவிலிருந்து இரண்டு வள்ளங்கள் ஓடின. பின்னேரம் அவரைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். எல்லைக்குப் பக்கத்தில் போயிருந்தாராம். கரையில் சனம் கூடி நின்றது. ஸ்ரெல்லா முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். றொபேட் வள்ளத்திலிருந்து இறங்கினார், உதடு வெடித்துப்போயிருந்தது. அவளைத் தாண்டி வந்தார். என்னைத் தாண்டும்போது நின்றார்.

"ஊர் முழுக்கக் கேட்டுது, என்ன அக்கா?"

கேட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

அடுத்த நாளே அந்தப் பாரில் எங்கள் ஊர் வலைகள் விழுந்தன. கொஞ்ச நாளில் நெடுந்தீவு வலைகளும் வந்தன. தகப்பன் கொடுத்துப் போன ஒன்று இருந்தது, அது போயிற்று. றொபேட் பெண்சாதியை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இனி எங்கே போகிறேன் என்று அவளுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். அவ்வளவுதான். பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு கட்டினார்கள், திருநாளுக்கு ஒன்றாக வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு விடியற்காலையும் அவர் ஒன்றும் சொல்லாமல் வெளிக்கிட்டுப் போனார். போவது வடக்கா தெற்கா என்று தெரியாமல் அவள் முற்றத்தில் நின்றாள். காற்று மாறுகிற நாளில் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு றேடியோ அறைக்கு வருவாள். "எங்காலை வாறனெண்டவர் அக்கா?" என்று கேட்பாள். நான் சொல்வேன். அது பொய்யாக இருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த வேலையில் என்னைக் களைக்க வைத்தது அதுதான். இரைச்சல் அல்ல. கடலில் நிற்கிறவன் சொல்கிற பொய்யைக் கரையில் நிற்கிறவளுக்கு வருடக்கணக்காகக் கைமாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஹெட்செற்றை அவள் தலையில் மாட்டியது பிழை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இன்றைக்கும் அதையே செய்வேன். உயிரோடு வந்த ஆளுக்கு அது விளங்கவில்லை என்றால் நான் என்ன செய்ய? அந்தோனிப்பிள்ளை அண்ணை ஒருமுறை றொபேட்டோடு பேசிப் பார்த்தார். றொபேட் மரியாதையாகக் கேட்டுவிட்டு எழும்பிப் போனார். அண்ணையும் பிறகு காலமாகிவிட்டார். ஹெட்செற்றைத் துடைக்க ஆள் இல்லை. நானும் ஓய்வெடுத்தேன்.

இப்போது ஒரு தொலைபேசிச் சேவை வந்திருக்கிறது. புறப்படுகிறவர் ஓர் இலக்கத்துக்கு எடுத்தால் ஒரு பெண் குரல் பேசும். ஆள் இல்லை, இயந்திரம். "வணக்கம். நீங்கள் இன்று எங்கே செல்கிறீர்கள்?" என்று கேட்கும். சொல்வதைப் பதிந்துகொள்ளும். ஆரம்பத்தில் "ஓம்" என்றால் அதற்கு விளங்கவில்லையாம், பிறகு திருத்தினார்களாம். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போகிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்கிற பெட்டியை எங்கள் ஆட்கள் தூக்கிக் கடலில் போடுவார்கள் என்று தர்சிகாவிடம் சொன்னேன்.

"இல்லை அக்கா. எல்லாரும் சொல்லுகினம். வடிவாய்ச் சொல்லுகினம்" என்றாள் அவள்.

நான் நம்பவில்லை. சந்தைக்குப் போகிற வழியில் பேனாட்டை மறித்துக் கேட்டேன். அவருக்கும் வயதாகிவிட்டது, ஆனாலும் காதில் ஒரு வெள்ளைக் கட்டை இருந்தது.

"அது ஆளில்லையெல்லோ அக்கா. ஆள் கேட்டால்தானே சகுனம்? அதோடை மற்றவங்களுக்கும் கேக்காது."

"நான் கேட்டதுக்கு வள்ளத்தைத் திருப்பினனீர்."

"நீங்கள் ஆளெல்லோ" என்றார், பெரிய மரியாதை செய்துவிட்டவர்போல.

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைப்பானேன். இத்தனை வருடம் சுற்றி வளைத்து, வரும் வழியைக் கேட்டு, போன இடத்தைக் கணக்குப் போட்டு, பொய்யைப் பிரித்து மேய்ந்த எனக்குச் சொல்லாததை, ஊர் பேர் தெரியாத ஒரு பெட்டிக்கு ஒரு நொடியில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். குடித்து முடியக் கோபமும் அடங்கிற்று. நல்லதுதானே என்று நினைத்தேன். அது நன்றாக வேலை செய்கிறது. அதற்குக் காது இரையாது.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய கிழமை ஸ்ரெல்லா வந்திருந்தாள். இடைக்கிடை எனக்குக் கறிக்கு மீன் கொண்டுவந்து தருவாள். நான் குசினியில் மீன் வெட்ட, அவள் தேங்காய் துருவிக்கொண்டு பிள்ளைகளின் படிப்பைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய தொலைபேசி அடித்தது. கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்ததால் என்னை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். நான் எடுத்து, எனக்குக் காது சரியில்லாததால் சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன்.

பெண் குரல். அந்த இயந்திரம். "வணக்கம். உங்கள் குடும்பத்தவர் கடலுக்குப் புறப்பட்டுள்ளார். அவர் கூறியது," என்று சொல்லி நிறுத்தியது. பிறகு காற்றுச் சத்தம், எஞ்சின் சத்தம், அதற்குள் றொபேட்டின் குரல்:

"அனலைதீவுக்கு மேற்காலை போறன். பின்னேரம் வந்திடுவன்."

ஸ்ரெல்லா துருவலையை விட்டுவிட்டு எழும்பினாள். ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துவிட்டாள். நான் விசயத்தைச் சொன்னேன். றொபேட் இப்போதுதான் அந்தச் சேவையில் பதிந்திருக்க வேண்டும். சேவையில் பதியும்போது ஒவ்வொருவரும் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஓர் இலக்கம் கொடுக்க வேண்டும். தமையன் தம்பியின் இலக்கத்தைத்தான் கனபேர் கொடுக்கிறார்கள், பெண்சாதி பயந்துவிடுவாள் என்று. இதெல்லாம் தர்சிகா சொல்லி எனக்குத் தெரியும்.

"என்ரை நம்பரை ஆர் குடுத்தது அக்கா?"

"அவர்தான் குடுத்திருக்க வேணும். வேறை ஆராலும் குடுக்க ஏலாது."

"எனக்குச் சொல்லுமெண்டு அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும் பிள்ளை. அதைச் சொல்லித்தான் பதியிறவை."

அவள் கையைச் சட்டையில் துடைத்தாள். தொலைபேசியை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தப் பெண் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. மீண்டும் கேட்க ஒன்றை அழுத்தவும் என்றது.

ஸ்ரெல்லா ஒன்றை அழுத்தினாள். அவர் சொல்லி முடிந்ததும் திரும்பவும் அழுத்தினாள்.